எட்டு அத்தியாயங்களும் ஒரு கோரிக்கையும்: ‘செமான்டிக் எரர்’ தொடரைப் பார்வையாளர்கள் மதிப்பிட்ட விதம்

‘செமான்டிக் எரர்’ தென் கொரியாவின் வாட்சா என்ற ஓடிடி தளத்தில் 2022 பிப்ரவரி 16 முதல் மார்ச் 10 வரை வெளியான எட்டு அத்தியாயத் தொடர். இரண்டு கல்லூரி மாணவர்களுக்கிடையே அரும்பும் காதலைச் சொல்கிறது. ‘பாய்ஸ் லவ்’, சுருக்கமாக ‘பிஎல்’ என்று அழைக்கப்படும் இந்த வகையில் கொரியாவில் அதற்கு முன்பே சில தொடர்கள் வந்திருந்தன. எனினும் வழக்கமான ரசிகர் வட்டத்தைத் தாண்டிப் பொதுப்பேச்சுக்குள் நுழைந்தது இந்தத் தொடர்தான். வாட்சாவில் பல வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் திரைக்கதைப் புத்தகம் விற்பனைப் பட்டியல்களில் முன்னணிக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அத்தியாயங்கள் தொகுக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரத் திரைப்படமாகத் திரையரங்குகளுக்கும் வந்தன.

இத்தொடரைப் பற்றிப் பார்வையாளர்கள் சொன்னவை பலதரப்பட்டவை. நடிகர்களின் பொருத்தம், முத்தக் காட்சிகள், அத்தியாயத்தின் நீளம், மூலக்கதைக்கு விசுவாசம், தொடக்கத்தில் வரும் சீண்டல், சமூகத்தின் எதிர்ப்பே இல்லாத கதைக்களம் எனப் பேச்சு பல திசைகளில் போனது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத ரசனைக் கருத்துகள். சேர்த்து வைத்துப் பார்த்தால் அவற்றின் அடியில் ஒரே கோரிக்கை ஓடுவது தெரியும்: ஆண்-பெண் காதலுக்குத் திரை தரும் நேரம், உழைப்பு, நேர்மை, மரியாதை ஆகிய அனைத்தும் இந்தக் காதலுக்கும் வேண்டும் என்பதே அது.

பிஎல் கொரியாவுக்கு வந்த வழி

1970களில் ஜப்பானில் ஹகியோ மோட்டோ, டகெமியா கெய்கோ போன்ற பெண் ஓவியர்கள், இளம்பெண்களுக்கான மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இதழ்களில் ஆண்களுக்கிடையேயான காதலை வரையத் தொடங்கினார்கள். எழுதியவர்களிலும் வாசித்தவர்களிலும் பெரும்பான்மையினர் பெண்களே. பெண்ணுக்கென்று வகுக்கப்பட்ட பாத்திரத்தைச் சுமக்காமல், சமநிலையில் நிற்கும் இருவரின் காதலைக் கற்பனை செய்ய இந்த வகை அவர்களுக்கு இடம் கொடுத்தது.

ஜப்பானிய வெகுசனப் பண்பாட்டுக்குக் கொரியாவில் நெடுங்காலம் தடை இருந்தது. 1998-இலிருந்துதான் அது படிப்படியாகத் தளர்ந்தது. அதற்கு முன்பே திருட்டுப் பதிப்புகள் மூலம் மாங்கா கொரிய வாசகிகளின் கைகளுக்குப் போய்விட்டது. 1990களின் பிற்பகுதியில் எச்.ஓ.டி. போன்ற ஆண் இசைக்குழுக்களின் ரசிகைகள், குழு உறுப்பினர்களைக் காதலர்களாக வைத்துக் கதைகள் எழுதி இணையத்தில் பகிர்ந்துகொண்டார்கள். பின்னர் இணையப் புதினமும் வெப்டூன் எனப்படும் இணையப் படக்கதையும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் காசு கொடுத்து வாசிக்கும் தொழிலாக வளர்ந்தபோது, பிஎல் அதன் வலுவான கிளைகளில் ஒன்றாயிற்று. கொரிய ரசிகைகளைப் பற்றி 2019-இல் நூல் எழுதிய ஆய்வாளர் ஜங்மின் க்வான், இந்தப் பெண்களின் கற்பனையும் வாங்கும் சக்தியும் கொரிய ஊடகத் தொழிலின் போக்கையே மாற்றியதை விரிவாகக் காட்டுகிறார்.

சட்டமும் ஒளிபரப்பும் இதற்கு எதிர்த்திசையில் நின்றன. இளைஞர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தன்பாலீர்ப்பு ‘தீங்கான உள்ளடக்கம்’ என்ற வரையறைக்குள் 2004 வரை இருந்தது. 2000-இல் நடிகர் ஹாங் சோக்சன் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்ததும் தொலைக்காட்சி வாய்ப்புகளை இழந்தார். 2010-இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ குடும்பத் தொடரில் ஓர் ஆண் சோடி இடம்பெற்றதை எதிர்த்துப் பழமைவாத அமைப்புகள் நாளிதழில் விளம்பரமே கொடுத்தன. 2015-இல் ஜேடிபிசி தொலைக்காட்சியின் தொடரொன்றில் இரு மாணவிகள் முத்தமிட்ட காட்சிக்கு ஒளிபரப்புக் கண்காணிப்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. 2021-இல் ‘பொஹீமியன் ராப்சொடி’ படத்தை ஒளிபரப்பிய எஸ்பிஎஸ், அதில் ஆண்கள் முத்தமிடும் காட்சிகளை வெட்டியது. மறுபக்கம், ஆண்களுக்கிடையேயான ஈர்ப்பைத் தொட்டு 2005 இறுதியில் வந்த ‘தி கிங் அண்ட் தி க்ளவுன்’ படத்தை 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் பார்த்தார்கள். ஆகவே பார்க்க விரும்புபவர்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில்தான் இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை இணையம் கொடுத்தது. 2020 மே மாதம் ஹ்வாங் டாசுல் இயக்கத்தில் வந்த ‘வேர் யுவர் ஐஸ் லிங்கர்’ கொரியாவின் முதல் பிஎல் இணையத் தொடராகப் பரவலாகக் கருதப்படுகிறது. பெரும் தொழில் குடும்பத்துப் பையனும் அவனுக்குக் காவலாக வளர்ந்த நண்பனும் அதன் நாயகர்கள். சுமார் பத்து நிமிடங்கள் ஓடும் எட்டு அத்தியாயங்கள். அவற்றை இணைத்து ஒரு படமும் வந்தது. அதே 2020-இல் தாய்லாந்தின் பிஎல் தொடரான ‘டுகெதர்’ ஆசியா முழுக்கப் பரவியிருந்தது. குறைந்த செலவில் எடுத்து வெளிநாட்டுத் தளங்களுக்கு விற்கலாம் என்ற கணக்கு கொரியச் சிறு நிறுவனங்களுக்குப் பிடிபட்டது. 2021-இல் ‘டு மை ஸ்டார்’, ‘லைட் ஆன் மி’ ஆகியவை வந்தன. இந்த வரிசையில்தான் ‘செமான்டிக் எரர்’ வருகிறது.

கதையும் தயாரிப்பும்

மூலம், ஜோ சூரி என்ற புனைபெயரில் எழுதப்பட்ட இணையப் புதினம். ரிடி தளத்தில் வெளிவந்த அந்தப் புதினம் வெப்டூனாகவும் அசைபடமாகவும் உருமாறி, தொடராவதற்கு முன்பே பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்திருந்தது. தொடரை இயக்கியவர் கிம் சூஜங்.

கணினி அறிவியல் மாணவன் சு சங்வூ விதிகளின்படி வாழ்பவன். ஒரே இருக்கை, ஒரே பானம், ஒரே நேர அட்டவணை. குழுப் பணியில் உழைக்காதவர்களின் பெயர்களை அவன் விளக்கவுரையிலிருந்து நீக்கிவிடுகிறான். அதனால் பட்டம் பெற முடியாமல் போகும் வடிவமைப்புத் துறை மாணவன் ஜாங் ஜேயங், பழிவாங்கும் எண்ணத்தோடு சங்வூவின் அன்றாடத்துக்குள் புகுந்து அதைக் குலைக்கிறான். சங்வூவின் இருக்கையைப் பிடிக்கிறான். அவன் வழக்கமாகக் குடிக்கும் காப்பியைக் கிடைக்காமல் செய்கிறான். அவனுக்குப் பிடிக்காத சிவப்பு நிறத்திலேயே எதிரில் வந்து நிற்கிறான். சங்வூ உருவாக்கும் கணினி விளையாட்டுக்கு ஓர் ஓவியன் தேவைப்படும்போது இருவரும் சேர்ந்து உழைக்க நேர்கிறது. பகை ஈர்ப்பாகிறது. நிரலில் இலக்கணப் பிழை இல்லாமலே பொருள் பிழைத்துப்போவதைக் குறிக்கும் கணினிச் சொல்லே தலைப்பு. தன் மனத்தில் நிகழ்வதைச் சங்வூ அப்படித்தான் முதலில் புரிந்துகொள்கிறான்.

சங்வூவாக நடித்த பார்க் ஜேசான், அப்போது டிகேஇசட் இசைக்குழுவின் உறுப்பினர். ஜேயங்காக நடித்த பார்க் சோஹாம், கேஎன்கே இசைக்குழுவில் முன்பு இருந்தவர். தொடருக்கு முன் இருவரும் பெரிய அளவில் அறியப்பட்டவர்கள் அல்லர்.

பாராட்டின் உள்ளடக்கம்

பார்வையாளர்கள் முதலில் பாராட்டியது இருவரின் கெமிஸ்ட்ரியை. இந்தப் பாராட்டுக்கு ஒரு பின்னணி உண்டு. முந்தைய கொரியத் தொடர்கள் சிலவற்றில் காதலர்கள் ஒருவரையொருவர் ஏக்கத்தோடு பார்ப்பார்கள். கதை முடியும் தறுவாயில் உதடுகள் அசையாமல் ஒட்டி விலகும். நடிகர்கள் தயங்குகிறார்கள், தயாரிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள் என்று ரசிகர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ‘செமான்டிக் எரர்’ காதலர்களின் நெருக்கத்தில் அந்தத் தயக்கம் இல்லை. முத்தக் காட்சி எத்தனை என்பதைவிட, அதில் இருவரும் விருப்பத்தோடு இருப்பதாகத் தோன்றுகிறதா என்பதே பேச்சின் மையமாக இருந்தது. ஆண்-பெண் காதல் தொடரில் நடிகர்கள் எப்படி நடிப்பார்களோ அப்படியே இங்கும் நடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது.

இரண்டாவது பாராட்டு, தழுவலுக்கு. புதினம் வயது வந்தோருக்கானது. உடலுறவுக் காட்சிகள் நிறைந்தது. தொடர் அவற்றைத் தவிர்த்து, இருவரின் குணமோதலை மையமாக்கியது. புதினத்தை வாசித்தவர்களில் பலர் இது சரியான தேர்வு என்றார்கள். சங்வூவின் தொப்பி, விறைப்பான நடை, உணர்ச்சி காட்டாத குரல், ஜேயங்கின் அலட்சியமான தோரணை எல்லாம் வெப்டூனிலிருந்து எழுந்து வந்ததைப் போல் இருந்ததாக மெச்சினார்கள். மூலத்தின் காமம் பாத்திரங்களின் ஒரு பகுதி, அதை நீக்கியது உறவைப் பள்ளிப்பருவக் காதலாக மெலித்துவிட்டது என்றவர்களும் உண்டு.

மூன்றாவது, பெண் பாத்திரம். பிஎல் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் இடையூறாகவோ பொறாமைக்காரிகளாகவோ வருவார்கள் என்பது பார்வையாளர்களின் நெடுநாள் குறை. ‘லைட் ஆன் மி’ தொடரில் நாயகன் ஒருவனை விரும்பும் மாணவி மீது கடுமையான வெறுப்பு எழுந்தது. இங்கே சங்வூவை விரும்பும் ஜிஹே, அவன் மறுப்பதைக் கண்ணியமாக ஏற்கிறாள். அவளுக்கென்று மனமும் நகைச்சுவையும் உண்டு. பெண் பார்வையாளர்கள் மிகுந்த ஒரு வகையில் இந்தச் சிறு பாத்திரம் கவனிக்கப்பட்டதில் வியப்பில்லை.

குறைகளும் சர்ச்சைகளும்

கடுமையான விமர்சனம் தொடக்க அத்தியாயங்கள் மீது வந்தது. ஜேயங் செய்வது விளையாட்டா, துன்புறுத்தலா? ஒருவனைப் பின்தொடர்ந்து, அவன் பழக்கங்களை வேவு பார்த்து, அவனை நிலைகுலையச் செய்வதைக் காதலின் முன்னுரையாகக் காட்டலாமா? ஆதரித்தவர்கள் சில பதில்களை வைத்தார்கள். சங்வூ பலவீனமானவன் அல்லன். அவனும் திருப்பி அடிக்கிறான். சீண்டல் நின்றபின்பே காதல் தொடங்குகிறது. பின்பாதியில் முடிவெடுப்பவன் பெரும்பாலும் சங்வூதான். இந்த விவாதம் கொரியத் தொடர்களின் பெரிய வரலாற்றோடு தொடர்புடையது. நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போகும் நாயகனை ஒரு காலத்தில் ரசித்த பார்வையாளர்கள், 2010களில் அதை வன்முறை என்று சொல்லத் தொடங்கினார்கள். அதே அளவுகோலை ஆண்களின் காதலுக்கும் பொருத்தியது, இந்தக் காதலைச் சமமாக மதித்ததன் அடையாளம்.

சங்வூவின் இயல்பு குறித்த பேச்சு முதன்மையாக வெளிநாட்டுப் பார்வையாளர்களிடம் நடந்தது. மாறாத ஒழுங்கு, சமூகச் சைகைகள் பிடிபடாமை, சொல்லை அப்படியே பொருள்கொள்ளுதல் ஆகியவற்றை வைத்து, அவனை ஆட்டிச நிறமாலையைச் சேர்ந்தவனாகப் பலர் வாசித்தார்கள். தொடர் அப்படி எதையும் சொல்வதில்லை. தங்களைப் போன்ற ஒருவன் காதலிக்கவும் காதலிக்கப்படவும் தகுந்தவனாகக் காட்டப்பட்டதில் சிலர் மகிழ்ந்தார்கள். அதே இயல்பைச் சிரிப்புக்குப் பயன்படுத்தியதும், அவன் வாழ்வின் ஒழுங்கைக் குலைப்பது அவனுக்கு நல்லது என்ற தொனியும் சிலரை வருத்தின. இரண்டு வாசிப்புகளுக்கும் காட்சிகளில் ஆதாரம் இருக்கிறது.

ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொண்ட குறை, நீளம். ஒவ்வொரு அத்தியாயமும் அரைமணி நேரத்துக்கும் குறைவு. வழக்கமான கொரியக் காதல் தொடர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் பதினாறு அத்தியாயங்களைக் கொண்டது. அங்கே நாயகர்களின் குடும்பம், வேலை, நண்பர்களின் கிளைக்கதை, பிரிவு, மறுசேர்க்கை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பிஎல் தொடரில் பகையிலிருந்து காதலுக்கு நான்கு அத்தியாயங்களில் வந்துசேர வேண்டும். காரணம் பொருளாதாரம்: விளம்பரதாரர்கள் தயங்குவார்கள், பெரிய தொலைக்காட்சி வாங்காது, எனவே படப்பிடிப்பு நாட்கள் குறைவு. ‘செமான்டிக் எரர்’ இந்தக் குறுக்கத்தைத் திறமையாகக் கையாண்டது என்பதும், இத்தனை திறமை இருந்தும் மூன்று மணி நேரம்தானா என்பதும் ஒரே பார்வையாளரின் ஒரே மூச்சில் வந்த கருத்துகள்.

எதிர்ப்பில்லாத உலகம்

ஆழமான கருத்து வேற்றுமை கதைக்களத்தைப் பற்றியது. ‘செமான்டிக் எரர்’ காட்டும் பல்கலைக்கழகத்தில் இரு ஆண்கள் காதலிப்பதை யாரும் எதிர்ப்பதில்லை. பெற்றோரின் கோபமும் இல்லை, மதமும் இல்லை, வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சமும் முதன்மையாக இல்லை. சங்வூவின் தயக்கம் தன் தர்க்கத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையிலானது.

வெளியே உள்ள கொரியா வேறு. அங்கே தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை. பாகுபாட்டுத் தடைச் சட்ட முன்வரைவு 2007-இல் முதலில் முன்வைக்கப்பட்டது முதல் பலமுறை நாடாளுமன்றத்தில் தேங்கிப்போனது. படைத்துறைக் குற்றவியல் சட்டம் வீரர்களுக்கிடையேயான தன்பாலின உறவைத் தண்டிக்கும் பிரிவை வைத்திருக்கிறது. உடல்தகுதியுள்ள எல்லா ஆண்களும் படைச்சேவை செய்தாக வேண்டிய நாட்டில் அது சிறிய விஷயமன்று. 2024 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின இணையரைத் தேசிய உடல்நலக் காப்பீட்டில் சார்ந்திருப்பவராக ஏற்காதது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அது மைல்கல்லாகக் கொண்டாடப்பட்டதே, அதற்கு முன் இருந்த வெறுமைக்குச் சான்று.

இந்தப் பின்னணியில் ஒரு தரப்புப் பார்வையாளர்கள் தொடரை ஓர் ஏய்ப்பாகக் கண்டார்கள். உண்மையான தன்பாலீர்ப்பாளர்களின் வாழ்க்கையிலிருந்து அழகை மட்டும் எடுத்துக்கொண்டு வலியை விட்டுவிடுகிறது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு, துயரம் மட்டுமே இந்தக் காதலின் உண்மை என்று யார் சொன்னது என்று கேட்டது. ஆண்களின் காதலைத் திரை பேசியபோது பெரும்பாலும் மரணமும் பிரிவுமே முடிவாக இருந்தன. யாரும் சாகாத, யாரும் தண்டிக்கப்படாத ஒரு கல்லூரிக் காதல் கதைக்குத் தாங்கள் நெடுநாள் காத்திருந்ததாகத் தன்பாலீர்ப்பாளர்களான பார்வையாளர்களிலும் பலர் சொன்னார்கள். சாதாரணமாகக் காதலிக்கும் உரிமையைக் கற்பனையிலாவது காண்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கைவிடப் பெரியது.

பின்னர் வந்த படைப்புகள் இந்த விவாதத்தைக் கூர்மையாக்கின. 2022-இன் ‘டு மை ஸ்டார்’ இரண்டாம் பாகம், இனிய முதல் பாகத்தின் காதலர்களைப் பிரித்து, அவர்களில் சொல்லாமல் விலகிப்போன சமையற்கலைஞனின் அச்சத்தை ஆராய்ந்தது. ஒரு சாரார் அதை முதிர்ச்சி என்றார்கள். மறுசாரார் தங்களுக்குப் பிடித்த சோடியை வீணாக வதைத்ததாக வருந்தினார்கள். 2023-இல் இனு பேக், வெர்னர் டு பிளெசிஸ் இருவரும் இயக்கிய ‘தி எய்ட்த் சென்ஸ்’ பத்து அத்தியாயங்களில் மனச்சோர்வையும் இழப்பின் துயரையும் உளவியல் ஆலோசனையையும் காதலுக்கு நிகராக வைத்தது. படைச்சேவை முடித்து வந்த மாணவனும் நாட்டுப்புறத்திலிருந்து சியோலுக்கு வந்த இளையவனும் அலைச்சறுக்குக் குழுவில் சந்திக்கிறார்கள். அதன் ஒளிப்பதிவும் மௌனங்களும் பரவலாகப் பாராட்டப்பட்டன. பிஎல் வகையின் வார்ப்புகளைத் துறந்தும் பார்வையாளர்களை வெல்லலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

2024 அக்டோபர் 21 அன்று டிவிங் தளத்தில் வந்த ‘லவ் இன் தி பிக் சிட்டி’ இன்னொரு எல்லையைக் காட்டியது. பார்க் சாங்யங் எழுதி, சர்வதேச புக்கர் பரிசின் 2022 நெடும்பட்டியலில் இடம்பெற்ற புதினத்தின் தழுவல் அது. ஓர் இளைஞனின் நட்பும் காதலும் தாயுடனான பிணக்கும் தனிமையும் எட்டு அத்தியாயங்களில் விரிகின்றன. வெளியாவதற்கு முன்பே பழமைவாத அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பின. முன்னோட்டக் காணொளிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. இனிய கற்பனையாக இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளப்படும் காதல், அடையாளத்தோடும் வாழ்க்கையோடும் வரும்போது எதிர்ப்பைச் சந்திக்கிறது என்ற கசப்பான உண்மை அப்போது வெளிப்பட்டது. ‘செமான்டிக் எரர்’ ஏய்ப்பு என்று சொன்னவர்களின் வாதத்துக்கு இது வலுச்சேர்த்தது. அதேவேளை, இனிய தொடர்கள் திரட்டிய பார்வையாளர் கூட்டம் இல்லாமல் அத்தகைய தொடருக்கு முதலீடு கிடைத்திருக்குமா என்ற கேள்வியும் நியாயமானதே.

நடிகர்களும் ரசிகர்களும்

தொடரின் இறுதி அத்தியாயங்கள் வெளியான 2022 மார்ச் 10 அன்றே பார்க் சோஹாம் கட்டாயச் சேவையில் சேர்ந்தார். புகழ் உச்சத்தில் இருக்கும்போது நாயகர்களில் ஒருவர் பொதுவெளியிலிருந்து மறைந்தார். மற்றவர் இசைக்குழுவோடு மேடைகளில் தொடர்ந்தார். டிகேஇசட் குழுவின் அடுத்த வெளியீட்டின் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது. இளம் நடிகர்களும் இசைக்குழு உறுப்பினர்களும் பிஎல் பாத்திரத்தை ஏற்றால் பெயர் கெடும் என்ற அச்சம் இதனால் வெகுவாகக் குறைந்தது.

தாய்லாந்தில் நிறுவனங்கள் ஒரு சோடியைப் பல ஆண்டுகள் சேர்த்தே நடிக்க வைத்து, ரசிகர் சந்திப்புகளிலும் விளம்பரங்களிலும் முன்னிறுத்துகின்றன. கொரியாவில் ஒரு தொடரோடு சோடி பெரும்பாலும் பிரிந்துவிடும். இரண்டாம் பாகம் வேண்டும் என்ற வேண்டுகோளும், நடிகர்களின் சொந்த உறவைக் கற்பனை செய்யும் பழக்கமும் இதனால் இன்னும் தீவிரமாகின்றன. பொறுப்புள்ள ரசிகர்கள் இந்தப் பழக்கத்தைக் கண்டிக்கிறார்கள். பாத்திரத்தின் காதலை மதிப்பது வேறு, நடிப்பவரின் தனிவாழ்வைச் சொந்தம் கொண்டாடுவது வேறு என்பது அவர்கள் நிலைப்பாடு. இந்தக் காதலால் புகழும் பணமும் ஈட்டுபவர்கள் பால்புதுமையினர் உரிமை பற்றி வாய் திறப்பதே இல்லை என்ற குறையும் எழுகிறது. அது தனிமனிதர்களைவிடத் தொழில்துறையையே சுட்டும் குறை.

கருத்துகளை எடைபோடுதல்

பிஎல் தொடர்களுக்கு ரசிகர்கள் தரும் நட்சத்திரங்களை அப்படியே தர அளவாகக் கொள்ள முடியாது. இந்த வகையை விரும்பாதவர் பார்ப்பதில்லை. பார்க்காதவர் மதிப்பெண் இடுவதில்லை. எனவே சராசரி மதிப்பெண் உயர்ந்தே நிற்கும். நடிகர்மீது கொண்ட அன்பும் தொடர்மீதான தீர்ப்பும் கலந்துபோகும். மூலத்தை வாசித்தவர் இடைவெளிகளைத் தாமே நிரப்பிக்கொள்வார். புதிதாக வந்தவர் அந்த இடங்களில் தடுக்கி நிற்பார். வெளிநாட்டவர் பிற ஆசியத் தொடர்களோடும், கொரியர் தம் சமூகத்தோடும் ஒப்பிடுகிறார்கள். எனவே ஒரு கருத்தின் எடை, அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதோடு சேர்த்தே அறியப்பட வேண்டும். மதிப்பெண்களைவிட, பார்வையாளர் தரும் காரணங்களே ஆய்வுக்குப் பயன்படுபவை.

அந்தக் காரணங்கள் தொழில்துறையை நகர்த்தியிருக்கின்றன. தயாரிப்பு எண்ணிக்கை 2022-க்குப் பின் வேகமாகப் பெருகியது. மூலக்கதைகளுக்கு வெப்டூன் தளங்களைத் தேடுவது வழக்கமாயிற்று. நெருக்கத்தை நடிப்பதில் தயக்கம் குறைந்தது. குறுகிய நீளமும் சிறிய முதலீடும் பெரிதாக மாறவில்லை. ‘செமான்டிக் எரர்’ தந்த பெருமைக்குப் பிறகும் வாட்சா நிதி நெருக்கடியிலிருந்து மீளவில்லை என்பது, ஒரு தொடரின் வெற்றி ஒரு வகையின் இருப்பை உறுதிசெய்துவிடாது என்பதைக் காட்டுகிறது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் தம் முதன்மை நேரத்தை இந்தக் காதலுக்குத் தரவில்லை. சட்டம் அதைத் திருமணமாக ஏற்கவில்லை. பார்வையாளர்கள் கேட்ட சமமதிப்பில் நடிப்பும் எழுத்தும் சார்ந்த பங்கு நிறைவேறத் தொடங்கியிருக்கிறது. நேரமும் முதலீடும் சார்ந்த பங்கைத் தொழில்துறையும், வாழ்க்கை சார்ந்த பங்கைக் கொரியச் சமூகமும் இன்னும் தர வேண்டியிருக்கிறது.